ஒரே நாளில் மூன்று முறை வெளியூர்

சட்டைக் கம்பெனியின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்குப் போவதற்கு ‘வெளியூர் போவது’ என்று பெயர். யார் வைத்த பெயரென்று தெரியாது. துணி வெட்டுகிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள், மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர் எல்லாரும் ஆண்கள். அவர்கள் காதில் விழும்படி அந்த இடத்தின் பெயரைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் நாக்கு எழாது. “எங்கடி அவ?” என்று கேட்டால், “வெளியூர்” என்று பதில் வரும். கேட்டவளும் தலையை ஆட்டிவிட்டுத் தன் தையலைப் பார்ப்பாள்.

பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. மாடியின் கோடியில் பெண்களுக்கென்று இரண்டு கழிப்பறைகள். ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் காலை பத்து மணிக்கு மேல் குழாயைத் திருகினால் காற்றுதான் வரும், அதுவும் பெருமூச்சு விட்டபடி. வாளியை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, வாசல் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் நிரப்பி, மறுபடி இரண்டு மாடி ஏறி வர வேண்டும். போய்த் திரும்ப இருபது நிமிடம். நிஜமான சில வெளியூர்களுக்கே அதைவிடச் சீக்கிரம் போய்விடலாம்.

அதனால் பெரும்பாலான பெண்கள் வெளியூர் போவதே இல்லை. வீட்டில் விடியற்காலை ஒரு டம்ளர் குடித்தால் குடித்ததுதான். அதற்குப் பிறகு சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. எல்லாருடைய மெஷின் பக்கத்திலும் ஒரு பாட்டில் இருக்கும், மூடி திறக்காமல், பார்வைக்கு.

நான்காவது லைனில் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவளுக்குப் பத்தொன்பது வயது. எல்லாரும் அவளைப் ‘பொத்தான்’ என்றே கூப்பிட்டார்கள். வேலையால் வந்த பெயர் பாதி, வாயால் வந்த பெயர் பாதி. “இவ பொறக்கும்போதே வாயில நாலு பொத்தான் வெச்சுத் தெச்சு அனுப்பிட்டாங்க” என்பாள் அவளுடைய அண்ணி.

அந்த அண்ணி அவளுக்கு இரண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து காலர் தைத்தாள். காலர் தைப்பதில் அண்ணியை மிஞ்ச அந்த மாடியில் ஆள் கிடையாது. பேச்சிலும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். நாத்தனாரும் அண்ணியும் இவ்வளவு ஒட்டிக்கொண்டு திரிவதை லைனில் சிலரால் நம்ப முடியவில்லை. “வீட்டுக்குள்ள அடிச்சுக்குவாங்க, பாரு” என்று காத்திருந்தார்கள். நான்கு வருடமாகக் காத்திருக்கிறார்கள்.

அண்ணிக்கு இப்போது ஐந்தாவது மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த வயிறு. போன மாதம் குளிர் நடுக்கி, இடுப்பு வலித்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பொத்தான்தான் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டரம்மா. இரண்டு மாதத்துக்கு முன்னாலும் இதே கிருமிதான்.

“என்ன வேலை செய்யுறீங்க?”

“காலர் தைக்கிறேன் டாக்டர்.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?”

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். எழுதிய பேனாவாலேயே மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார்: “மாத்திரை இந்தக் கிருமியைக் கொல்லும். அடுத்ததை நீங்கதான் வராம பாத்துக்கணும். தினமும் மூணு லிட்டர் தண்ணி. வந்தா போயிடணும், ஒரு நிமிஷம்கூட அடக்கக் கூடாது. இன்னொரு தடவை காய்ச்சல் வந்தா குழந்தை மாசத்துக்கு முன்னாடியே கிளம்பிடும். அப்புறம் யார் கையிலயும் இல்ல.”

அன்று சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அண்ணன் பிளம்பர். கையிலிருந்த பைப் ரெஞ்சைக் கீழே வைக்காமலேயே கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு எங்கோ போய் மூன்று லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் கேன் ஒன்றை வாங்கி வந்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் கோடு போட்டான். “பத்து மணிக்கு இந்தக் கோடு. ஒரு மணிக்கு இது. மூணரைக்கு இது.”

“ஊருக்கெல்லாம் மீட்டர் மாட்டுற மனுஷன், எனக்கும் மாட்டிட்டாரு” என்றாள் அண்ணி. “குடிச்சிடறேங்க. அது எங்க போய்ச் சேரணுமோ அதுக்கு யாரு கோடு போடுவா?”

“அதுக்கு உன் கால் இருக்கு. போயிட்டு வா.”

“ரெண்டு மாடி!”

“மெதுவா போயிட்டு வா. யார் கேக்கப் போறாங்க?”

கேட்க ஒருவர் வந்து சேர்ந்தார். வேறு கம்பெனியிலிருந்து புதிதாக வந்த வருகைப் பதிவு குமாஸ்தா. எதையும் எழுதாமல் விடமாட்டார். கக்கத்தில் எப்போதும் நீளமான நோட்டுப் புத்தகம் இருந்ததால் பெண்கள் இரண்டாவது நாளே அவருக்குப் ‘பேரேடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலை ஒரு தடவை, மதியம் இரண்டு தடவை லைன் லைனாக நடந்து தலைகளை எண்ணுவார். காலி நாற்காலியைக் கண்டால் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பார்.

“காலர் எங்கே?”

“வெளியூர் சார்.”

பேரேடு எழுதிக்கொள்வார்.

விஷயத்தை ஆண்களிடம் மறைப்பதற்காகத்தான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தார்கள். அது அளவுக்கு மேல் நன்றாகவே மறைத்தது. மற்ற பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அவர்களுடைய நாற்காலிகள் காலியாகவே இல்லை. கோடு போட்ட கேனிலிருந்து குடித்தவள் ஒருத்திதான். அதனால் லைனில் வெளியூர் போனவளும் நோட்டுப்படி ஒருத்திதான்.

மாதக் கடைசியில் ஒரு காலை வேளையில் சூப்பர்வைசர் அக்கா லைனுக்கு வந்தாள். “காலர், மேனேஜர் ரூமுக்கு வா” என்றாள். முகம் சரியில்லை. அண்ணி எழுந்தாள். இரண்டு மெஷின் தள்ளி ஊசி நின்றது. பொத்தானும் எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“உன்னைக் கூப்பிடல” என்றாள் சூப்பர்வைசர் அக்கா.

“வரட்டும்கா” என்றாள் அண்ணி. “எனக்குப் படியிறங்க ஒரு கை வேணும்.”

மேனேஜர் அறை கீழ்த்தளத்தில். மேஜை முழுவதும் துணி மாதிரிகள், ஒரு சட்டைக் கை, தனியாக ஒரு காலர். அது அண்ணி தைத்ததுதான், பார்த்ததும் பொத்தானுக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜர் நல்ல மனிதர் என்றே பெயர். குரலை உயர்த்த மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை. பேரேடு பக்கத்தில் நோட்டைத் திறந்தபடி நின்றார்.

“நாலு வருஷமா வேலை செய்யறீங்க” என்றார் மேனேஜர். “உங்க காலரைத்தான் வாங்கறவங்ககிட்ட மாதிரிக்குக் காட்டறோம். அதனாலதான் கூப்பிட்டுக் கேக்கறேன். இந்த மாசம் நீங்க எத்தனை தடவை வெளியூர் போயிருக்கீங்க?”

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு ஆண், மேனேஜர், இப்படி நேராகக் கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை. “அதெல்லாம் எண்ணலீங்க சார்” என்றாள் தரையைப் பார்த்து.

“நாங்க எண்ணியிருக்கோம். படிங்க.”

பேரேடு தொண்டையைச் செருமினார். “பதினாலாம் தேதி காலை, வெளியூர். பதினாலாம் தேதி மத்தியானம், வெளியூர். அன்னைக்கே மூணரை மணி, வெளியூர்.”

“ஒரே நாள்ல மூணு தடவை வெளியூரா?” என்றார் மேனேஜர். “பிளேன்லயா போறீங்க?”

“எனக்கு உடம்பு சரியில்ல சார்.”

“உடம்பு சரியில்லாதவங்க எதுக்கும்மா வெளியூர் போகணும்?”

“உடம்பு சரியில்லாததாலதான் சார் போறேன்.”

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எந்த ஊரு?”

அண்ணி சூப்பர்வைசர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். சூப்பர்வைசர் அக்கா ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் பதினைந்து வருடமாக அந்தச் சொல்லை ஒரு ஆண்பிள்ளை முன்னால் சொன்னதில்லை.

“கேட் காவலாளிகிட்டயும் விசாரிச்சேன் சார்” என்றார் பேரேடு, கடமை தவறாமல். “தினமும் மூணு வாட்டி கேட்டுப் பக்கம் வந்துட்டுப் போறாங்களாம்.”

மேனேஜர் தலையை ஆட்டினார். “நான் நினைச்சது சரிதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு சட்டைக் கம்பெனி ஆரம்பிச்சிருக்காங்க. அங்கயும் போய் காலர் தெச்சுக் குடுக்கறீங்க, இல்லையா? மறைக்காதீங்கம்மா. ஒண்ணு அங்க இருங்க, இல்ல இங்க இருங்க. இன்னைக்கே முடிவு பண்ணிடலாம். இங்கதான்னா, இனிமே வேலை நேரத்துல நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

பேரேடு ஒரு வெள்ளைத்தாளை மேஜைமேல் நகர்த்தினார். அண்ணி அந்தத் தாளைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள்.

அவள் எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று பொத்தானுக்குப் புரிந்தது. மானத்துக்குப் பயந்து கையெழுத்துப் போடுவாள். நாளைக்குக் கேனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாள். டாக்டரம்மா பேனாவால் மேஜையைத் தட்டிய சத்தம் பொத்தானின் காதுக்குள் கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுப்பதுபோல் எடுத்தாள்.

“சார்.”

எல்லாரும் திரும்பினார்கள். அந்தக் குரலை மேனேஜர் இதற்கு முன் கேட்டதே இல்லை.

“வெளியூருன்னா... ஊரு இல்ல சார்.”

“பின்ன?”

“கக்கூஸ் சார்.”

சூப்பர்வைசர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேரேட்டின் பேனா கீழே விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. மேனேஜர் அந்தக் காலரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் பதில் தைத்திருப்பதுபோல.

முதல் பொத்தான் அறுந்த பிறகு மற்றவை நிற்குமா? “அண்ணிக்கு வயித்துல குழந்தை சார். தண்ணி குடிக்கலேன்னா குழந்தை முன்னாடியே வந்துடும்னு டாக்டர் சொன்னாங்க. குடிச்சா போகணும். போனா தண்ணி இல்ல. கேட்டுல போய்த்தான் வாளியில புடிச்சிட்டு வரணும். அதைத்தான் காவலாளி பாத்தாரு. அவரு வாளியைச் சொல்லல. அண்ணியை விட்டா நாங்க யாரும் தண்ணியே குடிக்கறதில்ல சார், லைன்ல முப்பத்திரண்டு பேரும். ரெண்டு மணிக்கு மேல எல்லாருக்கும் தலை வலிக்கும். சட்டைக் கணக்கு எழுதற போர்டுல நீங்களே பாருங்க. காலையில மணிக்கு அறுபது சட்டை, ரெண்டு மணிக்கு மேல நாப்பத்தஞ்சு. தினமும் அப்படித்தான்.”

மூச்சு வாங்க நிறுத்தினாள். இவ்வளவு பேச்சு தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

பேரேடு பரபரவென்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். “அப்போ சார், பதினெட்டாம் தேதி சூப்பர்வைசர் மேடமும் வெளியூர்னு...”

“அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடுங்க” என்றாள் சூப்பர்வைசர் அக்கா.

மேனேஜர் எழுந்தார். “வாங்க, பாக்கலாம்” என்றார்.

அவர் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. பெண்கள் கழிப்பறைக்கு அவர் எப்படி வருவார்? சூப்பர்வைசர் அக்கா முன்னால் போய் உள்ளே ஆளில்லையென்று உறுதி செய்துகொண்டு, தொண்டையைச் செருமி அவரை அழைத்தாள். மாடி முழுவதும் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

முதலில் பூட்டிக் கிடந்த கதவு. சாவி தேடி எடுத்துத் திறந்ததும் உள்ளிருந்து அட்டைப் பெட்டிகள் அவர் காலடியில் சரிந்தன. கழிப்பறை கண்ணுக்கே தெரியவில்லை. மேலிருந்த பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘ஒரு வாரம் மட்டும் இங்கே வைக்கவும்.’ கீழே தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதன் கீழே அவருடைய கையெழுத்து.

அவர் அதை வெகுநேரம் படித்தார்.

பிறகு அடுத்த கதவு. அதைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் வந்தார். பிறகு மூக்கைப் பிடிக்காமல், மரியாதைக்கு, உள்ளே போய்க் குழாயைத் திருகினார். குழாய் பெருமூச்சு விட்டது.

“டேங்க்ல எப்பவும் பாதித் தண்ணியாவது இருக்குமே?” என்றார். “ஏன் வரல?”

பொத்தான் மெல்ல, “எங்க அண்ணன் பிளம்பர் சார்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மொட்டைமாடித் தொட்டியில் ஏறினான். கூடவே மேனேஜரும் ஏறினார். பொத்தானும் அண்ணியும் கீழே நின்று பார்த்தார்கள். அண்ணன் தொட்டிக்குள் தலையை விட்டுச் சிரித்த சிரிப்பு உள்ளே முழங்கி வெளியே வந்தது.

“சார், தொட்டிக்கு ரெண்டு குழாய். அடியில இருக்கறது இஸ்திரி பாய்லருக்கு. மேல, பாதிக்கு மேல உயரத்துல இருக்கே, இது பொம்பளைங்களுக்கு. பாய்லர் பத்து மணிக்கெல்லாம் பாதியை இழுத்துடுது. அப்புறம் தண்ணி இருக்கும், ஆனா இவங்க குழாய்க்கு எட்டாது. உங்க கம்பெனியில இஸ்திரிப்பெட்டிக்குத்தான் சார் முதல்ல தாகம் தீருது.”

“யாருய்யா இப்படி மாட்டினது?”

“எவனோ ஒரு ஆம்பளை” என்றாள் அண்ணி கீழேயிருந்து.

அன்றைக்கே அண்ணன் பெண்களின் குழாயையும் தொட்டியின் அடிக்கு இறக்கி மாட்டினான். பெட்டிகள் கிடங்குக்குப் போயின. அவை எடுக்கப்பட்ட அறையில் ஓடுகள் புதிதுபோல இருந்தன, பாவம், யாரும் பார்த்ததே இல்லை. இரண்டு கதவுக்கும் உள்ளே தாழ்ப்பாள், ஒரு கைகழுவும் தொட்டி, மூடி போட்ட ஒரு கூடை. கூடையைச் சூப்பர்வைசர் அக்கா கேட்டு வாங்கினாள். எதற்கென்று மேனேஜர் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் நிறையக் கற்றுக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு நாள் யாரும் நம்பவில்லை. மூன்றாம் நாள் மூலையில் சட்டைக் கை தைக்கிற பெண் தன் பாட்டில் மூடியைத் திறந்தாள். வாரக் கடைசிக்குள் லைன் முழுவதும் தண்ணீர் குடிக்கிற சத்தம். மாதத்தில் மூன்று நாள் தவறாமல் விடுப்பு எடுக்கிற இரண்டு பெண்கள் அந்த மாதம் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் அக்காவின் மேஜை இழுப்பறையில் இருந்த தலைவலி மாத்திரை அட்டை அப்படியே கிடந்தது. போர்டில் மூன்று மணிக்கு நேராக ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டு, சுண்ணாம்புக்கட்டியோடு நின்று கடிகாரத்தைப் பார்த்தாள் அவள், அது ஓடுகிறதா என்று. கம்பெனியைப் பார்க்க வந்தவர்களிடம் மேனேஜர், “புது ஊசி வாங்கிப் போட்டோம், அதான்” என்று சொன்னதாகக் கேள்வி. சொல்லிவிட்டுப் போகட்டும் என்றாள் அண்ணி.

ஆனால் அண்ணியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று போர்டில் எழுதியிருக்கவில்லை. ஏழாம் மாதம் பிறந்ததும் மறுபடி சிறுநீர் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போகும் பஸ்ஸில், வழக்கத்துக்கு மாறாக, இரண்டு வாய்க்கும் பொத்தான் போட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி நாத்தனாரின் விரல்களைக் காலர் மடிப்பதுபோல மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் சீட்டோடு வந்தாள்.

“கிருமி இல்ல. சுத்தமா இருக்கு. குழந்தையும் நல்ல எடை. நல்லாத் தண்ணி குடிக்கறீங்க போல?”

அண்ணி விரல்களை விடவில்லை. இறுக்கிப் பிடித்தாள், பொத்தானுக்கு வலிக்கிற அளவுக்கு.

“எனக்கு மீட்டர் மாட்டியிருக்காங்க சிஸ்டர்.”

நர்ஸ் சிரித்துவிட்டுப் பொத்தானைப் பார்த்தாள். “இந்தப் பொண்ணு யாரு? உதடெல்லாம் இப்படி வெடிச்சிருக்கு? நாக்கை நீட்டும்மா.”

பொத்தான் நீட்டினாள்.

“இவ தண்ணியே குடிக்கறதில்லையா?”

அண்ணி திரும்பினாள். “என்னடி இது? இப்பத்தான் எல்லாம் சரியாயிடுச்சே. லைனே குடிக்குது. நீ குடிக்கலையா?”

“பழகிப்போச்சு அண்ணி.”

“எது பழகிப்போச்சு?”

“குடிக்காம இருக்கறது. பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான். பொம்பளைப் பிள்ளைங்க கக்கூஸுக்குக் கதவு இல்ல. காலையிலிருந்து குடிக்காமலே இருப்பேன். எட்டாவதுக்கு அப்புறம் அதுவும் முடியல. மாசாமாசம் நாலு நாள் லீவு போட்டா கணக்குப் பாடம் எங்கயோ போயிடும். அதான் நின்னுட்டேன்.”

“படிப்பு ஏறலேன்னுல்ல உங்கண்ணன் சொன்னாரு?”

“அண்ணன்கிட்ட கதவு இல்லேன்னு எப்படிச் சொல்றது?”

அண்ணன் ஊரெல்லாம் கதவும் குழாயும் மாட்டுகிறவன். தங்கை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நாளே சுத்தியலோடு போய் நின்றிருப்பான். அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சுவரோரம் குடிதண்ணீர்க் குழாயும் சங்கிலியில் கட்டிய டம்ளரும் இருந்தன. டம்ளரை மூன்று தடவை கழுவி, விளிம்புவரை நிரப்பினாள்.

“இங்க வா. குடி.”

“அண்ணி, பஸ்ல போகணும். ஒரு மணி நேரம்...”

“குடிடி. வழியில வந்தா இறங்கிக்கலாம். எந்த ஸ்டாப்பா இருந்தாலும் இறங்கி, எந்த வீடா இருந்தாலும் நான் கதவைத் தட்டிக் கேக்கறேன். எனக்கென்ன வாயில்லையா?”

பொத்தான் குடித்தாள். தண்ணீர் இறங்கும்போது அவள் தொண்டை ஏறி இறங்குவதையே அண்ணி பார்த்துக்கொண்டு நின்றாள். டம்ளர் காலியானதும் வாங்கி மறுபடி குழாயில் பிடித்தாள்.

“போதும் அண்ணி.”

“மூணு டம்ளர். எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

தூரத்திலிருந்து பார்த்த நர்ஸ், வராந்தாவின் கோடியில் இருந்த நீலக் கதவைக் கை காட்டினாள். “உள்ள தாழ்ப்பாள் இருக்கு, தண்ணியும் வருது” என்றாள். “ரெண்டு பேரும் போயிட்டு அப்புறம் கிளம்புங்க.”